மூக்கில்லாத தும்மல்

என் கொழுந்தன் பிரிட்டோவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வந்து, வந்த சனத்துக்கெல்லாம் சோறு போட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்ட, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை கை கழுவித் துடைத்துக்கொண்டு "சரி, அப்ப நான் வாரேன்" என்று வாசல்படியில் ஒரு காலை வைத்தபோதுதான் எங்கள் வீட்டில் அந்தத் தும்மல் முதன்முதலாகக் கேட்டது. கேட்டதும் கோயில்பிள்ளை, சின்ன வயதிலிருந்து செய்து பழகியபடியே, வைத்த காலை எடுத்து, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, அதற்குப் பிறகுதான் தும்மியது யாரென்று சுற்றிலும் பார்த்தார்.

யாரும் தும்மியிருக்கவில்லை.

எங்கள் வீட்டுத் தும்மல்களெல்லாம் தெருவுக்கே தெரிந்தவை. ரெஜினா அத்தை, என் மாமியார், பூனை மீன்முள்ளைத் துப்புகிற மாதிரி ஓசைப்படாமல் தும்முவார். என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு எப்போதும் இரட்டைத் தும்மல். முதலாவது ஒத்திகை, இரண்டாவதுதான் நிஜம். என்னுடையதை மடத்துச் சிஸ்டர்கள் பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சீவிச் சீவி ஒரு கைக்குட்டைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கிவிட்டிருந்தார்கள். மூன்று வயது ஜோவிட்டா தும்மினால் சத்தத்தைவிடச் சோறுதான் அதிகம் வெளியே வரும். என் மாமனார் தொம்மை மாமா தும்மி ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே கோயில் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடுகிறவர், பூசையில் எழுந்தேற்ற மணி அடிக்கும்போது மூக்கு ஊறினால் இரண்டு விரலால் பிடித்து அப்படியே விழுங்கிவிடுவார், விழுங்கினது எங்கே போகுமோ அவருக்குத்தான் தெரியும். இந்தத் தும்மலோ இவர்கள் யாருடையதும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது ஊதுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு நீளமான 'ஆ'வில் தொடங்கி, ஏறி ஏறி, இதோ வந்துவிட்டது என்று எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொள்கிற உயரத்தில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, ஜன்னல் கம்பி அதிர 'அச்சூ' என்று இறங்கியது.

"பழைய வீடு. காத்து அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கோயில்பிள்ளை மறுபடி எழுந்தார். மறுபடி தும்மியது. மறுபடி உட்கார்ந்தார். அப்படியே பொழுது சாய்கிறவரை எழுந்தும் உட்கார்ந்தும் தண்ணீர் குடித்தும், கடைசியில் யாரும் கேட்காமலே, இத்தனை வருசமாக ராத்திரி மணியைத் தான் கடிகாரம் பார்த்து அடித்ததில்லை என்றும், டிவியில் சீரியல் முடிகிற பாட்டைக் கேட்டுத்தான் அடிப்பதென்றும், விளம்பரம் நீளுகிற அன்று ஊரே தாமதமாகச் செபம் சொல்கிறதென்றும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போனார். தும்மல் வரவில்லை.

பிரிட்டோ நெஞ்சு வலியில் போய்விட்டான் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். இருபத்தாறு வயது, ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரையில் பந்து விளையாடுகிறவன், மூன்று படியை ஒரே தாவலில் ஏறுகிறவன், நெஞ்சு வலி. மதுரையில் புது வேலை கிடைத்து, அங்கே ஒரு அறையும் பிடித்து, முதல் நாள் வேலைக்கென்று இஸ்திரி போட்ட சட்டையோடு திங்கட்கிழமை காலையில் கிளம்பிப் போனவன், அன்று பொழுது சாய்வதற்குள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். தெருவுக்கு அது தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் துக்கம் கேட்க வருகிறவர்கள் நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்து, "இந்தக் காலத்துல சின்னப் பிள்ளைகளுக்கே நெஞ்சு வலி வருது பாத்துக்கிடுங்க" என்பார்கள், நாங்கள் "ஆமா, சாப்பாடு சரியில்ல" என்போம், அவர்கள் கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த எழுந்திருப்பதைத்தான் தும்மல் விடவில்லை.

எங்கள் தெரு இதற்கு ஒன்றும் மலைத்துப்போய்விடவில்லை. தண்ணீர் லாரி வருகிற நேரம், மின்சாரம் போகிற நேரம் மாதிரி இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது. தும்மல் சத்தம் அந்தப் பக்கம் நாலு வீடு, இந்தப் பக்கம் நாலு வீடு கேட்கும். எந்த வாசலில் யார் காலெடுத்து வைத்தாலும் சரி, காதில் விழுந்தால் திரும்பிப் போய் உட்கார வேண்டியதுதான். வேதக்காரர்களுக்குச் சகுனம் கிடையாது என்று ஞானோபதேச வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்கூட, செருப்பை மறந்துவிட்டேன் என்று உள்ளே போய், காலில் கிடந்த செருப்போடு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

"மைனி, உங்க வீட்டுத் தும்மலைக் கொஞ்சம் ஏழரைக்கு மேல வச்சுக்கச் சொல்லுங்க, பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் போயிருது" என்று எதிர்வீட்டுச் சொர்ணத்தக்கா ஒருநாள் வாசலிலிருந்து அத்தையிடம் சொன்னார்.

"அது எங்க கையில சம்பளம் வாங்குதா சொர்ணம், நாங்க சொன்னாக் கேக்க?"

"கேட்டுத்தான் பாருங்களேன். உங்க வீட்டுல இருக்கதுதான?"

"எங்க வீட்டுல இருக்கதுக எது எங்க சொல்லைக் கேட்டுச்சு" என்றார் அத்தை, சொல்லிவிட்டு உடனே உள்ளே வந்துவிட்டார்.

சொர்ணத்தக்கா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பித் தன் வீட்டு வாசலில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு மத்தியானம் பூராவும் எங்கள் தெருவில் மாட்டிக்கொண்டு, எழுந்தால் தும்மல் எழுந்தால் தும்மல் என்று பஜ்ஜியெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமா தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்கும் இதேதான், சொல்லிட்டேன்" என்றார். பெண் உள்ளேயிருந்து, "எனக்கு முடி ஒரு பொருட்டில்ல, ஆனா எனக்குச் சமைக்கத் தெரியாது, இந்தப் பஜ்ஜி கடையில வாங்கினது" என்றாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது தெருமுனையில் ஆட்டோ நிறுத்துகிற இசக்கிமுத்து. சவாரி ஏறினவர்களெல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பிடிபட்டதாம்.

"மைனி, நான் கவனிச்சுப் பாத்துட்டேன். குடை எடுக்காதவனை விட்டுருது. பர்ஸை மறந்தவனை விட்டுருது. வாய்க்குள்ள எதையோ அடக்கிக்கிட்டுப் போறவனைத்தான் பிடிச்சு உக்கார வைக்குது. அதைக் கக்கிட்டான்னா, சரி போலேன்னு விட்டுருது."

"அப்ப நீ எப்படித் தினம் தினம் போற?" என்றேன்.

"எனக்கு வாயில எது நின்னுச்சு மைனி?" என்றான் இசக்கிமுத்து.

எங்கள் பங்குக் குரு இஞ்ஞாசி சாமி வீடு மந்திரிக்க வந்தது அந்த வாரத்தில்தான். தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, அத்தை வைத்த மக்ரூன் தட்டைப் பார்த்து இரண்டை எடுத்து அங்கியின் ஜேப்பில் போட்டுக்கொண்டு, "சகுனம் பாக்கிறது முதல் கட்டளைக்கு விரோதம், தொம்மை, உங்களுக்கு நான் சொல்லணுமா" என்று எழுந்து வாசலுக்குப் போனார். 'ஆ' என்று அது கிளம்பியது. சாமி காதில் விழாதவர் மாதிரி காலை வைத்தார். அச்சூ என்றது. சாமி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"யாரும் தும்மினதுக்காக இல்ல. வெயில். தாகமா இருக்கு" என்றார்.

அன்று சாமிக்குத் தாகம் தீரவே இல்லை. செம்பு செம்பாகக் குடித்தார். கடைசியில் அத்தையைப் பார்த்து, "ரெஜினாம்மா, எனக்கு இந்த மக்ரூன் பிடிக்காது. இந்தப் பங்குக்கு வந்த நாளா எல்லா வீட்டுலயும் இதையே வைக்கிறீங்க. நான் கொண்டுபோய்க் கோழிக்குப் போடுறேன்" என்றார்.

"கோழி திங்குதா சாமி?"

"கோழிக்கும் அலுத்துப்போச்சு."

சிரித்தபடி எழுந்தார். தும்மல் அவரை விடவில்லை. இந்தத் தடவை அவர் தண்ணீர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் குருமடத்துல படிக்கும்போது என் தம்பியும் பிரிட்டோ போன மாதிரிதான் போனான். எங்க வீட்டுல மஞ்சள் காமாலைன்னு சொன்னோம். எங்கம்மா சாகுறவரைக்கும் கீழாநெல்லியைக் கண்டா அழுவா, பக்கத்து வீட்டுக்காரங்க நம்பணுமேன்னு. அன்னைக்குப் பிரிட்டோ அடக்கப் பூசையில நான் புத்தகத்தைப் பாத்து வாசிச்சுட்டு இறங்கிட்டேன். நிமிர்ந்தா வாயில இது வந்துரும்னு பயம்" என்றார்.

தொம்மை மாமா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அத்தை மக்ரூன் தட்டை எடுத்து வைத்தார். சாமி வாசல்படி இறங்கிப் போனார். தும்மல் வரவில்லை.

அப்படி ஊரெல்லாம் கக்கிக்கொண்டிருக்கையில் எங்கள் வீட்டுக்காரர்கள் மட்டும் அசையவில்லை. தும்மினால் உட்காருவோம், தண்ணீர் குடிப்போம், எழுந்து போவோம். மறுபடி தும்மினால் மறுபடி உட்காருவோம். அலுத்துப்போய் அதுவே விட்டுவிடும். வயிற்றில் தண்ணீர் குலுங்கக் குலுங்க வேலைக்குப் போய்ப் பழகிவிட்டோம்.

எனக்கு அந்தத் தும்மல் வேண்டியிருந்தது. கஸ்பார் பைக் சாவியை எடுத்தால் என் உள்ளங்கால் சில்லிட்டுப்போகும். அழுதுகொண்டிருந்தாரென்றால் பயந்திருக்கமாட்டேன். நன்றாகச் சாப்பிட்டார், ஜோவிட்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார், துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் பெருச்சாளி புகுந்த கதையை நடித்துக் காட்டினார். பிரிட்டோவும் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அதனால் அவர் சிரித்தால் பயம், சாப்பிட்டால் பயம், இன்னொரு தோசை கேட்டாலும் பயம். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன். கேட்டால், இல்லாத நினைப்பை நானே எடுத்துக் கொடுத்தது போல் ஆகிவிடுமோ என்று மூடிக்கொள்வேன். தும்மல் அவரை நிறுத்தி உட்கார வைக்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

ஒரு சாயங்காலம் அவர் கிளம்பியபோது தும்மல் வரவில்லை. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கடற்பாலத்துப் பக்கம் சும்மா நின்றதாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரம் கழித்து வந்தார். மறுநாள் நான் மிளகை வறுத்து நைசாக இடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் படியில் கால் வைக்கும்போது ஒரு சிட்டிகையை என் மூக்கருகே கொண்டுபோவேன். சிஸ்டர்கள் பாடுபட்டுச் சின்னதாக்கின தும்மல் மிளகுக்கு முன்னால் என்ன செய்யும். கதவுக்குப் பின்னால் நின்று நான் போடுகிற சத்தத்தைக் கேட்டால் சிஸ்டர் யூபிரேசியம்மாள் முட்டிபோட வைத்திருப்பார். அவர் திரும்பி வந்து உட்காருவார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுபோவேன்.

மதுரையிலிருந்து அறைக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். பிரிட்டோவின் சாமான்களை எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும், வேறு ஆள் வருகிறது. ஒரு சனிக்கிழமை காலை, பிரிட்டோ போன அதே முதல் பஸ்ஸுக்கு, கஸ்பார் ஒரு காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"வேண்டாம் எமில்டா. பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன செய்வ. ஒரு ஆள் வேலைதான்."

அவர் படியில் கால் வைத்தார். நான் மிளகை மோந்து தும்மினேன். திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எழுந்தார். அடுப்படியிலிருந்து காரமான புகை ஒன்று சுருண்டு வந்து, அதன் நடுவிலிருந்து பூனை மீன்முள்ளைத் துப்பியது. உட்கார்ந்தார், குடித்தார். எழுந்தார். நான் இரண்டு சிட்டிகை எடுத்தேன். உட்கார்ந்தார், குடித்தார், இந்தத் தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து அவசரமாகப் பையை எடுத்தார். வாசல் நடுவில் ஜோவிட்டா நின்றிருந்தாள். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, "அச்சூ" என்று கத்தினாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஆச்சி, சரியாத் தும்மினேனா?" என்று கேட்டாள்.

கஸ்பார் பையைக் கீழே வைத்தார்.

"அம்மா, அடுப்புல என்ன?"

"ரசத்துக்கு மிளகா வத்தல் வறுக்கேன்" என்றார் அத்தை, உள்ளேயிருந்து இருமிக்கொண்டே.

"விடியக்காலம் ரசமா?"

"உங்கப்பாவுக்குச் சளி."

"எமில்டா, முந்தானையைக் காட்டு."

காட்டவேண்டிய அவசியமே இல்லாமல் முடிச்சு அவிழ்ந்து மிளகுப்பொடி தரையில் கொட்டியது. ஒரு காற்று வந்தது. எல்லோருமே தும்மினோம், கஸ்பாரும் இரட்டையாகத் தும்மினார், ஜோவிட்டா நிஜமாகவே தும்மி முந்தின நாள் சோற்றை வெளியே கொண்டுவந்தாள். அவர் சிரிக்கத் தொடங்கினார். அத்தை கரண்டியோடு வந்து நின்று சிரித்தார். எனக்கும் அடக்கமுடியவில்லை. தெருவில் இசக்கிமுத்து ஆட்டோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தான், அவன் சிரிப்பும் கேட்டது. முதல் பஸ் அந்நேரம் புதூர்ப் பக்கம் போயிருக்கும்.

சிரிக்காமல் இருந்தது தொம்மை மாமா மட்டும். மூலை நாற்காலியில், இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் பீட்ரூட்டாகச் சிவக்க, கண்ணில் தண்ணீர் ஓட உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, என்ன செய்றீங்க?"

"வருது" என்றார், பிடித்த மூக்கு வழியாக.

"வந்தா விட்டுற வேண்டியதுதான?"

"மாட்டேன். இப்ப விட்டு என்ன."

கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது அந்தக் குரல், சளிப்பிடித்த நாதஸ்வரம் மாதிரி. அந்தக் குரலிலேயே அவர் சொன்னார்: "அன்னைக்கு அவன் படியிறங்கும்போது எனக்கு வந்தது. பெரிய தும்மல். பிள்ளை முதல் நாள் வேலைக்குப் போறான், நம்ம தும்மி நிறுத்துனா நல்லாருக்காதேன்னு இப்படிப் புடிச்சு விழுங்கிட்டேன். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். நான் மூக்கைப் புடிச்சுக்கிட்டே கையாட்டினேன். தும்மியிருந்தா உக்காந்திருப்பான். தண்ணி குடிச்சிருப்பான். பஸ்ஸு போயிருக்கும்."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, இத்தனை நாளும் தெருவை உட்கார வைத்துக்கொண்டிருந்தது எதுவென்று. ஒருவரும் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. விழுங்கினது எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

"நீங்க தும்மியிருந்தா நிப்பானாக்கும்" என்றார் அத்தை மெதுவாக. "நான் இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் ஓடினேன். கூப்பிட்டேன். பைக்கை விட்டு இறங்கித் திரும்பி நின்னான். நின்னானே. வேண்டாம்மா, நீ சாப்பிடுன்னான். நானும் கொண்டுவந்து சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. அதை எப்படிச் சாப்பிட்டேன்னு தெரியல."

"பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டது நான்தான்" என்றார் கஸ்பார். "பைக்ல போகும்போது பெருச்சாளிக் கதையைச் சொன்னேன். முதுகுல சாஞ்சு சாஞ்சு சிரிச்சான். அது எந்தச் சிரிப்புன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். அதனாலதான் வர்றவங்ககிட்டயெல்லாம் அதையே சொல்லிப் பாக்கேன். யாராவது அவனை மாதிரி சிரிக்காங்களான்னு."

சொர்ணத்தக்கா எப்போது வந்தாரோ, செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றிருந்தார். "நெஞ்சு வலின்னு நீங்க சொன்னீங்க மைனி, அதனால நாங்களும் அதையே சொன்னோம். வேற பேச்சு பேசினா உங்களுக்கு வலிக்குமேன்னு" என்றார்.

ஜோவிட்டா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "சித்தப்பாவுக்கு நெஞ்சு வலிச்சுதா?"

"இல்ல ஜோவி. சித்தப்பாவுக்கு மனசுக்குள்ள ரொம்பப் பெரிய சீக்கு. வெளிய தெரியாது. வலி தாங்காம, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாங்க. யாரும் கோபப்பட்டதால இல்ல. நீ பந்தை ஒளிச்சு வச்சதால இல்ல. யாரும் தும்மாததாலயும் இல்ல."

நான் சொல்லி முடிக்கிறவரை அத்தை கரண்டியைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. அடுப்பில் வத்தல்தான் கருகியது. அந்தத் தைரியத்தில் நான் கஸ்பாரிடம் திரும்பினேன், மாமனார் மாமியார், சொர்ணத்தக்கா, வெளியே இசக்கிமுத்து, எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"உங்களுக்கும் அப்படித் தோணுதா?"

அவர் காலிப் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "அன்னைக்குக் கடற்பாலத்துல தோணுச்சு" என்றார். "அதுக்கு முந்தி ஒரு தடவை. யார்கிட்டச் சொல்ல. அம்மா முகத்தைப் பாத்தா சொல்ல முடியுமா. நீ வேற எப்பவும் கண்ணுல தண்ணியோட நிக்க."

"அது மிளகு" என்றேன்.

"தெரியாதே எனக்கு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை மறு கையைப் பிடித்துக்கொண்டார், கரண்டியோடு சேர்த்து. அப்போதுதான் மாமாவின் விரல்கள் மூக்கிலிருந்து தாமாக நழுவின. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து அந்த 'ஆ' கிளம்பியது. ஏறி ஏறி, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிற உயரத்தில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, இறங்கியது. சுவரில் காலண்டர் விழுந்தது. சொர்ணத்தக்காவின் செம்பு கையைவிட்டுப் போனது. கோயில் கோபுரத்துப் புறா அத்தனையும் எழும்பிப் பறந்தது, சாமியின் கோழிகள் கூவின. மாமா வெறும் மூக்கோடு, பிள்ளைபெற்றவர் மாதிரி களைத்து உட்கார்ந்திருந்தார்.

"நூறு" என்றாள் ஜோவிட்டா, அவள் தும்மினால் நாங்கள் சொல்கிற மாதிரி.

மாமா அழ ஆரம்பித்தார். நாங்கள் அவரை அழ விட்டோம்.

மத்தியானப் பஸ்ஸில் எல்லோருமாக மதுரைக்குப் போனோம். சொர்ணத்தக்கா வழிக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். ஒரு ஆளை எதிர்பார்த்திருந்த அறைக்காரர் ஒரு படையே வந்து நிற்பதைப் பார்த்து ஒதுங்கி நின்றார். இஸ்திரி போடாத சட்டைகள், காற்றுப்போன ஒரு பந்து, பிரிக்காத சோப்பு. அத்தை ஒவ்வொன்றையும் எடுத்து மடித்தார், கஸ்பார் பையில் வைத்தார், மாமா பந்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறைக்காரர், "தம்பிக்கு என்ன செஞ்சுது?" என்று கேட்டபோது, மாமா நெஞ்சு வலி என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அறைக்காரர் விளிம்பில் உட்காரவில்லை. கட்டிலில் மாமா பக்கத்தில் முழுசாக உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தத் தும்மல் கேட்கவில்லை. கொஞ்ச நாள் தெருவுக்கு அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருந்தது. வாசலில் காலை வைத்துக்கொண்டு சும்மா நின்று பார்ப்பார்கள். "தொம்மை மாமா, இன்னைக்கு ஒரு முக்கியமான வேலையாப் போறேன், ஒரு தும்மல் போடுங்களேன்" என்று கேட்டவர்களும் உண்டு. "என்கிட்ட இருந்தது தீந்துபோச்சுய்யா" என்பார் அவர். சொர்ணத்தக்கா பானையை எடுக்கவில்லை. நாற்காலியும் அங்கேயே கிடந்தது. போகிறவர்கள், ஒன்றும் கேட்காமலே, உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வாயில் எதுவும் இருந்தால் சொர்ணத்தக்காவிடம் கொட்டிவிட்டுப் போனார்கள். அதனால் ஊரில் யாருக்கும் ரகசியம் என்று ஒன்று மிஞ்சவில்லை என்பதுதான் கஷ்டம்.

கஸ்பார் ஒவ்வொரு புதன்கிழமையும் பெரியாஸ்பத்திரியில் ஒரு மனநல டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறார். இசக்கிமுத்துவின் ஆட்டோவில்தான். "எங்கலே?" என்று தெருவில் கேட்டால், இசக்கிமுத்து நிறுத்தி, "அண்ணாச்சி மனசைக் காட்டப் போறாங்க, உங்களுக்கும் காட்டணும்னா ஏறுங்க, இடம் இருக்கு" என்பான். ஒரு தடவை கோயில்பிள்ளை ஏறிவிட்டார்.

என் பயம் போய்விட்டதென்று சொன்னால் பொய். பைக் சாவிச் சத்தம் கேட்டால் இப்போதும் உள்ளங்கால் சில்லிடும். ஆனால் இப்போது கேட்கிறேன். டிபன் எடுத்தாச்சா, ஹெல்மெட் எடுத்தாச்சா என்று கேட்கிற அதே குரலில், "தோணுதா?" என்கிறேன். "இல்ல" என்பார். பல நாள் "இல்லட்டி, நீ அந்த மிளகை எடுக்காம இருந்தாச் சரி" என்பார்.

போன வாரம் மழை பிடித்த ஒரு காலையில், நான் ஜோவிட்டாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்ததில் கேட்க மறந்துவிட்டேன். அத்தை அடுப்படியில், மாமா பாட்டுப் பயிற்சியில். கஸ்பார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, வாசல்படியில் ஒரு காலை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை, மழையைத் தவிர. காலை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்து, திரும்பி வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"யாருப்பா தும்மினா?" என்று ஜோவிட்டா கேட்டாள்.

"யாரும் தும்மல ஜோவி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குத்தான் தாகமா இருக்கு."

சீப்பை அப்படியே பிள்ளையின் தலையில் செருகி விட்டுவிட்டு, நான் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.